எண்பத்தெட்டு மணிக்கு வந்த பஸ்

கார்த்தி,

பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. உன் அப்பா தாம்பூலப் பைக்கு வாங்கின தேங்காய்களை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தாலி கட்ட வேண்டிய நீ, இன்றைக்கும் ஹனூர் பஸ் ஸ்டாண்டில் ஏணிமேல் நிற்பதாகக் கேள்வி. வீடு இப்படி அமைதியாக இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாயால் சொல்லலாமே என்பாய். என் குரல் பஸ்ஸில் பழகின குரல். நான் எதைச் சொன்னாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்வது போலத்தான் உனக்கும் அப்பாவுக்கும் கேட்கிறது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதிலும் தமிழில் எழுதினால், கன்னடப் பள்ளியில் படித்த நீ எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும், அவசரப்பட முடியாது. புரியாத இடத்தில் செல்வியைக் கேள். உனக்கு வரப்போகிறவள் டீச்சர். சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பாள், தலையில் ஒரு குட்டும் வைப்பாள்.

பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: "பையன் என்னமோ கண்டுபிடிச்சிருக்கானாமே?" மைசூரில் நம் மேட்டகள்ளி தெருவில் மட்டும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. உன் கண்டுபிடிப்பு அவர்களுக்குப் பழைய கதை. பத்திரிகையைக் கையில் வாங்கியதுமே சாவித்திரம்மா, "கண்டக்டரம்மா, கல்யாண மண்டபத்துல டிவி ஏதாவது இருந்தா மொதல்ல அவன் கைக்கு எட்டாம ஒயரத்துல மாட்டுங்க" என்றாள். அந்த மேட்ச் நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நீ திகைத்து நின்றாய். நாங்கள்தான் அதை முழுதாகப் பார்த்தவர்கள். அதனால் நான் சொல்வதைக் கேள்.

நீ பள்ளி முடித்து, பியூசி படித்துக்கொண்டிருந்தாய். அப்பா அந்த டிவியை டயர் ஃபேக்டரி நண்பர் ஒருவரிடம் பழையதாக வாங்கி வந்திருந்தார். மூலையில் ஒரு பழுப்புக் கறை. மழைக்காலம் வந்ததும் அது மெல்லப் படர ஆரம்பித்தது. ஆட்டக்காரன் பவுண்டரிப் பக்கம் ஓடினால் சேற்றில் இறங்கின மாதிரி தெரிவான். இறுதிப் போட்டி அன்று தெருவில் பாதிப் பேரை அப்பா வீட்டுக்கு அழைத்துவிட்டார். கறையோடு எப்படிக் காட்டுவது என்று அவருக்குக் கவலை. அந்தக் கவலையைத் தீர்க்கத்தான் நீ கிளம்பினாய். கறை மேலே ஒட்டியிருக்கும் தாளில்தான் இருக்கிறது, உரித்தால் அடியில் பளிச்சென்று இருக்கும் என்று உனக்குத் தோன்றியது. அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து முழுத் தாளையும் உரித்துவிட்டாய். அடியில் நிஜமாகவே பளிச்சென்றுதான் இருந்தது. வெறும் வெள்ளை. வர்ணனை கேட்கிறது, கைதட்டல் கேட்கிறது, திரையில் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிச்சம் மட்டும் நிற்கிறது.

அப்பா மிக்சர் பொட்டலத்தோடு உள்ளே வந்தார், பின்னாலேயே தெருவே வந்தது. "ஏனாயித்து? டிவிக்கு வெள்ளையடிச்சீங்களா?" என்றாள் சாவித்திரம்மா. அப்பாவின் முகத்தைப் பார்த்து நான் உனக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். நீ எங்கள் யாரையும் பார்க்கவில்லை. உரித்த தாளைச் சுருட்டி ஒளிக்கப் போனவன், அது உன் முகத்துக்கு நேரே வந்ததும் அப்படியே நின்றுவிட்டாய். "அப்பா, இதுக்குள்ள மேட்ச் ஓடுது!" என்று கத்தினாய். அவர் பிடுங்கிப் பார்த்தார். பார்த்தவர் திட்ட வந்ததை மறந்து, "அட, விக்கெட்டு!" என்றார். அப்புறம் என் தையல் கத்திரிக்கோல் வந்தது. கறை படிந்த மூலையை எறிந்துவிட்டு மீதியைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தாய். தெரு மொத்தமும் கண்ணெதிரே தாளைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சுவரில் கிரிக்கெட் பார்த்தது. சாவித்திரம்மா தாளைக் குறுக்கே திருப்பிப் பிடித்தாள். அவளுக்கு நம் ஆட்டக்காரர்கள் எல்லாம் ஆரஞ்சுச் சட்டையில் தெரிந்தார்கள், புல்லெல்லாம் ரோஜா நிறம். "எனக்கு இதே சந்தாகிதே, அழகா இருக்கு, நான் மாத்த மாட்டேன்" என்று கடைசி வரை அப்படியே பார்த்தாள். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஒளி ஒரு வரிசையில் மட்டும் போகும்படி அந்தத் தாள் வடிகட்டுகிறது, கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் திரவம் அந்த வரிசையைத் திருப்பிவிடுகிறது, இரண்டும் சேர்ந்தால்தான் படம் என்று பிறகு நீ எனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாய். திரவம் என்கிறாய், படிகம் என்கிறாய், இரண்டும் ஒன்றே என்கிறாய். நானும் தலையாட்டிவிட்டேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நீ இனிமேல் எதையும் உரித்துப் பார்க்காமல் விடமாட்டாய்.

படித்தாய், பெங்களூரில் ப்ரொஜெக்டர் செய்கிற கம்பெனியில் நல்ல வேலைக்குப் போனாய். பண்டிகைக்கு வந்த ஒரு நாள் என்னோடு பஸ்ஸில் கொள்ளேகால் வரை வந்தாய். எங்களுக்குப் புதிதாகக் கலர் டிக்கெட் மிஷின் கொடுத்திருந்த சமயம். வெயிலில் அதன் திரை ஒரே கறுப்பு. நான் குனிந்து, கையால் மறைத்து, யாராவது ஒரு பயணியின் நிழலில் போய் நின்றுதான் எண் பார்ப்பேன். "பழைய சாம்பல் திரை மிஷினே தேவலைடா. வெயில் அடிக்க அடிக்க நல்லாத் தெரியும்" என்றேன். சும்மா புலம்பினதுதான். நீ திரும்பி வரும் வழியெல்லாம் என் மிஷினையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாய். அடுத்த முறை வந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாய். உள்ளே விளக்கே இல்லாத, வெயிலையே வாங்கித் திருப்பிக் கொடுக்கிற நேரப் பலகை செய்யப் போகிறேன், பஸ் ஸ்டாண்டுகளில் மாட்டப் போகிறேன் என்றாய். அப்பாவும் நானும் என்ன சொல்லவில்லை? சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் பேசினோம். நீ சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "ஒரு பலகை ஓடட்டும்மா, அப்புறம் திட்டு" என்றாய்.

அந்த ஒரு பலகை ஓடின கதை ஊருக்கே தெரியும். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. ஊர்ப் பெயர்களைப் பெயின்டில் எழுதி, பக்கத்தில் நேரம் மட்டும் மாறுகிற மாதிரி செய்து, நீயும் உன் நண்பனும் தூணில் உயரமாக மாட்டினீர்கள். காலையில் எழுத்து மணி மணியாகத் தெரிந்தது. நான் டியூட்டியில் போய் இறங்கின உச்சிவேளையில் பலகை முழுக்கக் கரி பூசின மாதிரி நிற்கிறது. ஒருவர் உன்னிடம், "ஏன் சார், கரெண்ட் ஹோய்தா?" என்று கேட்கிறார். கரண்டே தேவையில்லை என்று காலையில் அவரிடம்தான் நீ பெருமை பேசியிருந்தாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மோர் வாங்கிக் கொடுத்தேன். "சூடு ஏறினா உள்ள இருக்கிற திரவம் வரிசை கலைஞ்சிரும்மா. ஆறினா தானா சேர்ந்துக்கும்" என்றாய். சாயங்காலம் எழுத்தெல்லாம் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்தது. நீயும் மறுநாளே சரியாகிவிட்டாய். பெட்டிக்கு வெள்ளை பூசி, காற்றுப் போக இடம் விட்டு, சூடு தாங்குகிற வேறு கலவையைத் தேடிப் பிடித்து மாற்றினாய். தோற்ற இடத்திலேயே நின்று மோர் குடித்த பிள்ளை என்று உன்னைப் பற்றி அப்பாவிடம் அன்றைக்குச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வேலையை விட்ட பேச்சை எடுக்கவில்லை.

இனி செல்வி வந்த கதை. நான் அங்கேயே, என் பஸ்ஸின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். பலகை வெயிலைத் தாங்கிவிட்டது என்று நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற முதல் நாள். பலகைக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கையில் கட்டுக் கட்டாகப் பரீட்சைப் பேப்பர், நிமிர்ந்து பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங், இந்த போர்டு உங்களுதுங்களா? எல்லா பஸ்சும் எண்பத்தெட்டு மணி எண்பத்தெட்டு நிமிஷத்துக்கு வருதுன்னு போட்டிருக்கே, அது எப்பங்க?"

நீ தமிழும் கன்னடமுமாகக் குழறினாய். "மேடம், ஒவ்வொரு எண்ணுக்கும் ஏழு கோடு, கீழ இருந்து பார்த்தா ஏழும் கறுப்பாத் தெரியும், அதான் எல்லாம் எட்டு மாதிரி... நீங்க ஸ்வல்பம் எழுந்து இந்தப் பக்கம் வந்தா சரியாத் தெரியும்."

"நான் எந்திரிக்கறேனுங்க. கைக்கொழந்தைய வெச்சுட்டு உக்காந்திருக்கற இந்த அக்காவும் எந்திரிக்கோணுமா? நாங்க இத்தன பேரு எந்திரிக்கறதுக்கு உங்க போர்டு கொஞ்சம் குனியக்கூடாதா?"

நீ உதவிக்கு என்னைப் பார்த்தாய். நான் உன்னைத் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவள் கேட்டது அத்தனையும் சரி. தவிர, உன்னை ஒருத்தி அப்படிக் கேட்டதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பின் நடந்ததில் உனக்குத் தெரியாத பகுதியும் உண்டு. செல்வி கொள்ளேகாலில் பாடம் நடத்திவிட்டு ராமாபுரம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரமும் என் பஸ் வந்து நிற்கும் நேரமும் ஒன்று. அவளுக்கு நான் வெறும் கண்டக்டரக்கா. "அக்கா, அந்த போர்டுக்காரர் இன்னைக்கும் வந்தாருங்க. ஏணில ஏறி என்னமோ தாள் ஒட்டறாரு, எறங்கிப் பார்க்கறாரு, மறுபடி ஏறறாரு. கிறுக்குங்களா அவுரு?" என்று கேட்பாள். "அப்படித்தான் தெரியுதும்மா" என்பேன். இன்னொரு நாள், "எங்க ஸ்கூல் ப்ரொஜெக்டர்ல பாதிப் படம் மஞ்சளடிச்சுப் போச்சுங்க. அவருகிட்டக் கேட்டேன், வந்து பிரிச்சுப் பார்த்தாரு. வெளக்குச் சூட்டுல உள்ள ஒரு தாள் கருகியிருக்காம். மாத்திக் குடுத்துட்டாரு. கொழந்தைங்க ஒரே கூச்சல்" என்றாள். அன்று அவள் கிறுக்கு என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்துக்கொண்டேன். நீயும் அப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் என் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருவாய். "போர்டப் பார்க்கணும்மா" என்பாய். அவ்வளவு அடிக்கடி பார்க்க அந்த போர்டுக்கு என்ன ஜுரமா என்று ஒரு நாள் கேட்டேன். நீ வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்தாய்.

பிள்ளைகளைக் கொண்டு சோதனை செய்த நாளை மட்டும் நான் விவரமாக எழுதியே ஆக வேண்டும். ஒளியைப் பல பக்கமும் சிதறவிடுகிற உன் புதுத் தாள் தயாராகியிருந்தது. உள்ளே திரவம் திரும்பும் போக்கையும் கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தாய். சரியா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்று நீ கம்ப்யூட்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, செல்வி தன் வகுப்பையே வரிசையாகக் கூட்டி வந்துவிட்டாள். சிலரைப் பெஞ்சில், சிலரைத் தரையில், ஒரு சின்னவளைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், நெடுநெடு என்று வளர்ந்தவனை டீக்கடை வாசலில் என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் பரப்பினாள். "நேரம் படிக்க முடிஞ்சவங்க கை தூக்குங்க" என்று கன்னடத்தில் சொன்னாள். எங்கே பார்த்தாலும் கை. டீக்கடைக்காரர் கை தூக்கினார். நின்றிருந்த டிரைவர்கள் கை தூக்கினார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரத்துச் சின்னவள் மட்டும் தூக்கவில்லை. நீ பதறிக்கொண்டு ஓடினாய். அவளுக்கு எழுத்து தெரிகிறது, மணி பார்க்கத்தான் இன்னும் தெரியவில்லை. செல்வி சிரித்த சிரிப்பில் பரீட்சைப் பேப்பர் எல்லாம் தரையில் சிதறின. நீயும் அவளுமாகப் பொறுக்கினீர்கள். நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். பொறுக்க வேண்டியது தீர்ந்த பிறகும் நீங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் கிளம்பினதும், "அம்மா, ஒந்து விஷயம்" என்றாய். "டிக்கெட் வாங்கிட்டுப் பேசு" என்றேன். டிக்கெட் வாங்கினாய், பேசினாய், ஊர் வரும்வரை பேசினாய். கொள்ளேகாலில் இறங்கி, நான்தான் உன் அம்மா என்று அவளிடம் நீ சொன்னபோது அந்தப் பெண் பேப்பர் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அக்கா! இத்தன நாளா உங்க பையனப் பத்தி உங்ககிட்டயே கோள் சொல்லியிருக்கேனுங்களே!" என்றாள். "இனிமே அக்கான்னா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்றேன். என் யூனிபார்ம் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க அத்தை" என்றாள்.

அவள் அப்பாதான் சுலபத்தில் இறங்கவில்லை. ராமாபுரத்துக்குப் பெண் கேட்கப் போனோம். நல்ல மனுஷர், மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிறவர். "தம்பிக்கு எங்கீங்க வேலை?" என்று கேட்டார். வேலையை விட்டுவிட்டேன், போர்டு செய்கிறேன் என்று நீ உள்ளதைச் சொன்னாய். "போர்டுன்னா, பெயிண்டருங்களா?" என்றார். நீ உடனே ஒளி, வரிசை, திரவம் என்று ஆரம்பித்தாய். செல்வியின் அம்மா காபியை ஆற்றிக்கொண்டே நின்றுவிட்டாள், காபியும் ஆறிப்போயிற்று. "யோசிச்சுச் சொல்றேனுங்" என்று அவர் எழுந்துவிட்டார். பிறகு பல வாரம் பேச்சே இல்லை. அப்பாவை மீறி வர மாட்டேன், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்று செல்வி சொல்லிவிட்டாள். நீ அந்த நாட்களில் சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால்கூடத் தெரியாமல் சாப்பிட்டாய். நானும் அப்பாவும் உன்னைப் பார்த்துப் பார்த்து எங்கள் பசியையும் தொலைத்தோம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் என் பஸ் கொள்ளேகாலில் நுழைகிறது. பலகைக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் தலையில் துண்டுமாக ஒருவர். இடமிருந்து பார்க்கிறார், வலமிருந்து பார்க்கிறார், தூணுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து பார்க்கிறார். சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் சுற்றி வருவார்கள். செல்வியின் அப்பாவேதான். பெஞ்சில் இருந்த ஒரு பாட்டியிடம், "உங்குளுக்குத் தெரியுதுங்களா?" என்று வேறு விசாரிக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"நெழல்லயே நிக்க முடியலீங். இது இந்த வெயில்ல நிக்குதே. வெயில் ஏற ஏற எழுத்துத் தெளிவாகுது, அதெப்படீங்க?"

"உள்ள வெளக்கு இல்லீங்கண்ணா. வெயில வாங்கித்தான் திருப்பிக் குடுக்குது."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஒரு தரம் பலகையை அண்ணாந்து பார்த்தார். "வெயில வெச்சுப் பொழைக்கறானா? அப்ப உங்க பையனும் என்னையாட்ட வெள்ளாமைக்காரந்தானுங்" என்றார். சொல்லிவிட்டு, நம் வீட்டுக்கே பேச வருவதாக, மைசூர் போகும் என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா ஷிப்ட் முடித்து வந்து பனியனோடு படுத்திருப்பாரே என்று எனக்குக் கவலை. அவர் டிக்கெட் கேட்டார். "உங்ககிட்டப் போயி வாங்குவேனுங்களா" என்றேன். "டிக்கெட்டு டிக்கெட்டுதானுங், சம்பந்தி" என்றார்.

சம்பந்தி! எனக்கு விரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கொள்ளேகாலில் ஏறின மனுஷருக்குக் கொள்ளேகாலுக்கே டிக்கெட் அடித்தேன்.

இவ்வளவுதான் எழுத நினைத்தது. புத்தி சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன், கதை சொல்லியே தாள் தீர்ந்துவிட்டது. ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். அவள் தமிழில் சண்டை போட்டால் நீ கன்னடத்துக்குத் தாவாதே. தோற்பதாக இருந்தாலும் தமிழிலேயே தோற்றுப் போ. வீட்டில் ஏதாவது கெட்டால் உடனே உரித்துப் பார்க்காதே, முதலில் அவளைக் கேள். மாமனார் கேட்கும்போதெல்லாம் திரவத்தைப் பற்றி விளக்கிச் சொல். புரியாவிட்டாலும் அவருக்கு அது பிடித்திருக்கிறது, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் வேலையில் இன்னும் எத்தனையோ பலகை கறுத்துப் போகும். அப்போது மோர் வாங்கிக் கொடுக்க அவள் பக்கத்தில் இருப்பாள். அவளுக்கும் அப்படி நாட்கள் வரும். அன்றைக்கு நீ வாங்கிக் கொடு. நல்ல நாளிலும் வாங்கிக் கொடு.

ஹனூர் வேலையை நாளைக்குள் முடித்துவிட்டு வந்து சேர். ஞாயிறு காலையில் நம் தெரு மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கொள்ளேகாலுக்குக் கல்யாண பஸ் கிளம்புகிறது. சாவித்திரம்மா முதல் ஆளாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பாள். இத்தனை வருஷம் அந்த ரோட்டில் நின்றுகொண்டே போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் மாப்பிள்ளையின் அம்மா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்காரப் போகிறேன். விசிலை வேறு யாராவது ஊதட்டும்.

உன் அம்மா